கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்புகள்

எங்கள் கல்லூரியிலும் கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று இருந்தது. அது திறந்திருக்கும்போது கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கும்போது பையன்கள் இடம் தரமாட்டார்கள். நாங்களோ ஆறு மணிக்குள் விடுதியில் இருக்க வேண்டும். இப்படியே மூன்றாம் வருடம் முடிந்தது. கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும்போது ஆளுக்கொரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்கு அது மார்க். என் தோழிக்கு அது உதவித்தொகை. தவறினால் படிப்பே நின்றுவிடும்.

எங்கள் ஊர் நெய்வேலியில் கரண்டுக்கு என்ன பஞ்சம்! டவுன்ஷிப் பயிற்சிக்கூடத்தின் ஏசி போட்ட கம்ப்யூட்டர் அறையை அந்த விடுமுறையில் மதிய நேரம் மாணவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் பெர்மனென்ட் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பாஸ். என் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர். தோழியின் அப்பா இந்த மண்ணிலேயே பிறந்து, அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தார். அதனால் அவளுக்குப் பாஸ் இல்லை. எனக்கு அதில் அப்போதும் எரிச்சல், இப்போதும் எரிச்சல்.

தூசி போகக்கூடாது என்று செருப்பை வாசலில் விடச் சொல்வார்கள். பையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேன் எங்கள் பாஸ்களை வாங்கி ஆணியில் மாட்டுவார். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்பதால் உள்ளே வந்து தலையை எண்ணமாட்டார். வாசலில் கிடக்கும் செருப்பு ஜோடிகளை எண்ணிப் பாஸோடு சரிபார்ப்பார். இதைக் கண்டுபிடித்தவள் தோழிதான். அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வெறுங்காலோடு நுழைந்துவிட்டாள்; திரும்பும்போது கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிடுவாள். முதல் நாள் செருப்பைச் செடி மறைவில் வைத்தாள். ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு புதுச் செருப்பை எங்கள் குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டு, மே மாத வெயிலில் தார் ரோட்டில் நடந்தாள். நானும் கழற்றுகிறேன் என்றால் திட்டுவாள்.

“உன் செருப்பு இல்லன்னாலும் கணக்கு ஒதைக்கும்டி.”

ஒரே மெஷின் முன்னால் பாதி நேரம் என் புரோகிராம், பாதி நேரம் அவளுடையது. உள்ளே இருந்த யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒருநாள் நான் பாஸைத் திரும்ப வாங்கும்போது வாட்ச்மேன் மெதுவாகச் சொன்னார். “ஏம்மா, அந்தப் பொண்ண செருப்பு போட்டுக்கினு வரச் சொல்லு. காலு வெந்துபூடும்.”

ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். “எந்தப் பொண்ணு?”

“தெனமும் தரைய தொடைக்கிறவன் நான்தான? கருப்பா காலுத்தடம் ஒன்னு தனியா தெரியுதே. மொத நாள்லேர்ந்தே தெரியும்.”

எவ்வளவு நல்ல மனிதர் என்று உருகிப்போய் அவளிடம் ஓடிச் சொன்னேன். அவள் உருகவில்லை.

“தெரிஞ்சிக்கினேவா இத்தினி நாளும் என்ன நடக்க வுட்டாரு?”

பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். கொப்புளம் உடைந்திருந்தது. அவரும் கான்ட்ராக்ட்தான், மாட்டினால் வேலை போய்விடும் என்றேன். “தெரியும்” என்றாள். கண்டும் காணாமல் இருப்பது பெரிய உதவிதான். ஆனால் சுட்டது அவள் காலை.

மறுநாள்தான் விடுமுறையில் அந்த அறை திறந்திருந்த கடைசி நாள். அவள் புரோகிராம் இன்னும் ஒருமுறைகூட முழுதாக ஓடியிருக்கவில்லை. அவர் டீக்குப் போன நேரத்தில்தான் வந்தாள், ஆனால் செருப்போடு. அதைக் கழற்றி வரிசையின் நடுவில், என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் பாட்டுக்கு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாட்ச்மேன் வந்தார். ஆணியைப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். புதுச் செருப்பின் மேல் விரல் நின்றது. நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள். தலை குனியவில்லை.

அந்த நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று அவளுடைய விடையை அடிக்கத் தொடங்கியது. அவர் விரல் அடுத்த ஜோடிக்கு நகர்ந்தது. எண்ணி முடித்துவிட்டு, ஒருநாளும் திறக்காத கதவைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“சரியா இருக்குதுங்க.”