மாமாவின் சவரக் கண்ணாடி

வருடத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறுபதுகளின் பிற்பகுதி. மாதத்தில் சந்தேகமில்லை. சிவன்மலைத் தேர் முடிந்திருந்தது, மாசி பிறந்திருந்தது. பனியன் நகரத்து ராயபுரத்தில் எங்கள் கூட்டுக் குடும்பம் அப்போதுதான் பிரிந்தது.

பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று மூன்று பேர். பனியன் பின்னும் இயந்திரங்கள், அண்டா, கட்டில் எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பங்கிட்டார்கள். கடைசியில் மீன்கள் மிஞ்சின. பெரியப்பா எப்போதோ மதராசிலிருந்து வாங்கிவந்தவை. விரல்நீளம்கூட இல்லாத உடம்பில் நீலக் கோடுகள். ஒன்று திரும்பினால் மற்றவையும் திரும்பும். தொட்டியில் அப்போது இருந்தவை மூன்று. சகோதரர்களும் மூவர் என்பதால் இந்தப் பொருத்தம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

அத்தைக்கு மட்டும் பிடிக்கவில்லை. இளவயதில் கணவரை இழந்து எங்களிடமே வந்துவிட்டவர் அவர். மீன்களுக்குத் தண்ணீர் மாற்றியதும் தீனி போட்டதும் அவர்தான்.

"மூணையும் ஒரே ஊட்டுல உட்டுருங்கண்ணா. ஆரூடா இருந்தாலுஞ் செரிங்க."

"அப்பறம் ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் கொறைன்னு பேச்சு வரும் ஆத்தா," என்றார் பெரியப்பா.

அத்தைக்கும் முறை போட்டார்கள், மாதத்துக்கு ஒரு வீடு.

எங்கள் பங்கு மீன் மிட்டாய்க் கடைப் பாட்டில் ஒன்றில் வந்து சேர்ந்தது. அடியிலிருந்த கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. தீனி அப்படியே மிதந்தது. அம்மா தண்ணீரை மாற்றிப் பார்த்தார், அப்பா பாட்டிலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அது வெளியே வரவில்லை.

பங்குனியில் அத்தையின் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. தகரப் பெட்டியிலிருந்து மாமாவின் சவரக் கண்ணாடியை எடுத்தார். பகலில் யாரும் இல்லாத நேரங்களில் அவர் அதை எடுத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பொட்டு வைக்காத அத்தைக்குக் கண்ணாடி எதற்கு என்று யோசித்ததும் உண்டு. இப்போது அதைப் பாட்டிலோடு ஒட்டிச் சாய்த்து வைத்தார். சற்று நேரத்தில் மீன் வெளியே வந்தது. கண்ணாடிப் பக்கமாகவே மேலும் கீழும் நீந்தியது. மறுநாள் தின்னவும் தொடங்கியது.

மீன் அழகு பார்க்கிறது என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மாதம் முடிந்து சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பும்போது அத்தை கண்ணாடியை எடுக்கவில்லை. "அது இங்கயே இருக்கட்டும் கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அம்மா அதைத் துடைத்துத் துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தனுப்பினார்.

"அவங்க சாமானம் நம்மூட்டுல தங்கிருச்சுன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக்கூடாதுங்க."

அம்மாவிடம் கெட்ட எண்ணம் இல்லை. பாகம் பிரிந்த வீடுகளில் அதுதான் மரியாதை. மீன் மறுபடி கல்லுக்குப் பின்னால் போனது. சித்திரையைத் தாண்டவில்லை.

அடுத்த முறை வந்தபோது அத்தை பாட்டிலைப் பார்த்தார். கண்ணாடியை அன்றைக்கே அனுப்பிவிட்டதை அம்மாவே சொன்னார்.

"ஆமாங்க, பத்தரமா வந்து சேந்துதுங்க" என்றார் அத்தை.

கூட்டமாக வாழும் மீன் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையும் துணையென்று நம்பும் என்பதைப் பல வருடங்கள் கழித்து ஒரு மீன் வளர்ப்பு நூலில் படித்தேன். பாட்டிலைப் பார்த்த அன்று மதியம் அத்தை பெட்டியைத் திறந்து, கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அத்தையும் அழகு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி நான் தெருவுக்கு ஓடினேன்.