ப்ரோப் வைத்ததும் ஓடிய கடிகாரம்

"சாரே, ஒங்க மெஷினால நான் கள்ளனாயிட்டேன்."

குளச்சலில் மீன் குளிர்கிடங்கு நடத்திய ஆன்றனி அண்ணன், நான் போனை எடுத்ததும் சொன்னது இது. 2009-ல் நான் நாகர்கோவிலில் ஒரு சின்னக் கம்பெனியில் டிசைன் இன்ஜினீயர். கிடங்கின் குளிரை நேரத்தோடு பதியும் ரெக்கார்டர் செய்தோம். அதன் கடிகாரப் பகுதி என் டிசைன். அவருடைய ரெக்கார்டில் நேரம் மூன்று மணி பின்தங்கியிருந்தது. பொய்யாகத் தயாரித்த ரெக்கார்ட் என்று சொல்லி, மீன் வாங்கும் கம்பெனி லோடை எடுக்க மறுத்துவிட்டது.

அவருடைய ரெக்கார்டரின் போர்டை லேபில் பட்டன் பேட்டரியில் ஓடவிட்டு, கடிகாரத்துக்குத் துடிப்புத் தரும் கிறிஸ்டலின் காலில், அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பின் ப்ரோபை வைத்தேன். அலை அழகாக வந்தது. கோளாறு இல்லை என்று எழுதப் போனேன். அவ்வளவு மண்டைக்கனம் எனக்கு!

பக்கத்து மேசையில் சால்டரிங் செய்துகொண்டிருந்த ஜெசிந்தா அக்கா சிரித்தார். "மக்கா, நீ கம்பிய வச்ச பொறவுதான் செகண்ட் ஓடுது. அதுக்கு முன்ன நின்னுல்லா கெடந்து? நீ கடிகாரத்தப் பாக்கியா, ஒன் கையப் பாக்கியா?"

நின்று கிடந்த ஆஸிலேட்டரை, அதாவது கிறிஸ்டலைத் துடிக்கவைக்கும் சர்க்யூட்டை, என் ப்ரோப்தான் தட்டி எழுப்பியிருக்கிறது. பிறகு ஒழுங்காகச் சோதித்தேன். கிறிஸ்டலோடு சீரிஸில் ரெசிஸ்டர் போட்டு, எதுவரை ஓடுகிறது என்று பார்ப்பது முறை. கிறிஸ்டலின் சொந்த ரெசிஸ்டன்ஸைப் போல ஐந்து மடங்காவது தாங்க வேண்டும். என்னுடையது இரண்டு மடங்கிலேயே நின்றது. பேட்டரி பத்து வருஷம் வரும் என்று பீற்றிக்கொள்ள, சிப்பில் மிகக் குறைந்த கரண்ட் மோடை வைத்தவன் நான்தான். கடற்கரையின் உப்பு ஈரம் படிந்ததும் அந்தத் தெம்பும் போய்விட்டது. மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும்போதெல்லாம் கடிகாரம் நின்றிருக்கிறது.

நான் சொன்னதைக் கேட்டு முதலாளி யோசித்தார். "சத்தம் காட்டாம மாத்திக் குடுத்துருவமா?"

"ஆன்றனி அண்ணன் கள்ளன் இல்லேன்னு நாமதான் சார் எழுதிக் குடுக்கணும்" என்றேன். வேலை போகலாம் என்று தெரியும். அந்த லோடு கிடங்கில் இருந்தபோது வந்த மூன்று மணி மின்வெட்டும் ரெக்கார்டில் பின்தங்கிய மூன்று மணியும் ஒத்துப்போவதைக் காட்டி, டிசைன் தவறு என்னுடையது என்று கடிதம் எழுதி நீட்டினேன்.

முதலாளி வாசித்தார். என் பெயரை அடித்தார். தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"டிசைன பாஸ் பண்ணுனது நானாக்கும்லே."

கடிதத்தைப் பார்த்து மீன் வாங்கும் கம்பெனி லோடை எடுத்துக்கொண்டது. சிப்பின் கரண்டைக் கூட்டினேன், பேட்டரி ஆறு வருஷம் என்று விளம்பரத்தைத் திருத்தினோம். ஜெசிந்தா அக்காவுக்கும் முதலாளிக்கும் எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குப் போதவில்லை. பின்னாளில் நான் பாஸ் செய்த டிசைன்களிலும் சில தவறின. அந்தக் கடிதங்கள் எதிலும் எனக்குக் கீழே வேலை செய்தவர்களின் பெயர் இருக்காது.