குதிகால் முடிச்சும் மாறாத அளவும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பாகூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். நாற்று நடுபவர், முப்பது வயதிருக்கும். இரண்டு குதிகால்களுக்கும் மேலே, தசைநாரில், எலுமிச்சை அளவு முடிச்சு. ஒரே வருடத்தில் மணிக்கட்டு இரண்டு முறை முறிந்திருந்தது. முடிச்சைப் பார்த்த டாக்டர், ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கும் என்று கொலஸ்ட்ரால் பார்க்கச் சொன்னார். சாதாரண அளவுதான் வந்தது.

"இன்னாம்மா இது? கால்ல இம்மாம் பெரிய முடிச்சு, நீ நார்மல்னு எழுதியிருக்கே!"

"எக்ஸ்ரேல எலும்பும் மெலிஞ்சிருக்கே டாக்டர். வைட்டமின் டி குறைச்சலா இருக்குமோ?"

"நாள் பூரா வெயில்ல நிக்கறவளுக்கா? போம்மா, போய் ஒழுங்கா பாரு."

முடிச்சை வெட்டியெடுத்து, எண்ணெய் இல்லாத பத்தியம் எழுதி, அந்த அக்காவை வீட்டுக்கு அனுப்ப அவர் தயாராக இருந்தார். என் அளவை நம்பினால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

அக்காவிடம் கேட்டேன்: "வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

"ஆமா தங்கச்சி. சோறே துன்னல. நீராகாரம் மட்டும் ஒரு சொம்பு."

அதனால் கொலஸ்ட்ரால் பெரிதாக மாறாது. ஆனாலும் டாக்டருக்குச் சாக்கு கிடைக்கக் கூடாது. மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரச்சொன்னேன். பிப்பெட்டுகளைக் கழுவி உலர்த்தினேன், புது அமிலப் புட்டியைத் திறந்தேன், ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த கரைசலையும் என் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்தேன். குழாய்களில் பச்சை நிறம் எழும்பியது. அக்காவுக்கு நேற்று வந்த அதே அளவு.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். அன்று மதியம் பெயர் எழுதாத இரண்டு குழாய்களை அனுப்பினார். இரண்டிலும் அதே அளவுதான் வந்தது, அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"ரெண்டும் அந்தம்மா ரத்தம்தான்," என்றார் டாக்டர். "நீ எங்க மாட்டுவேன்னு பாத்தேன்." சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

பதில் வரச் சில மாதங்கள் ஆயின. அக்காவின் அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர். பரம்பரையாக வரும் கோளாறு அது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் வேலை உடம்பில் பாதியில் நின்றுபோகிறது. அப்படிப் பாதியில் நின்ற கொழுப்புதான் தசைநாரில் தேங்குகிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏற வேண்டியதில்லை. வெயிலில் நின்றும் இதே கோளாறால் வைட்டமின் டி குறைந்திருந்தது. எலும்பு மெலிந்ததும் அதனால்தான். மருந்து எழுதியிருந்தார்கள். முடிச்சை வெட்ட வேண்டாம் என்றும் இருந்தது. டாக்டர் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டி, "ஃபைல்ல நீயே வெச்சுக்க," என்றார்.

அடுத்த நடவுக்குப் பிறகு அக்கா வந்தார். முடிச்சு அப்படியே இருந்தது, கை முறியவில்லை. ரத்தம் எடுக்கப் பயந்து வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது:

"இந்தப் பொண்ணுகிட்ட குடுடி. யாரு மெரட்டினாலும் மாத்தி எழுதாது."