கழுவி வைத்த மண்டையோடுகள்

சிதம்பரத்தில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலம் முழுக்க எனக்குப் புள்ளிமான் மண்டையோடுகளோடுதான் வாழ்க்கை. கல்வராயன் மலைக்காட்டு மானும், ஒரு காலத்தில் கடலூர்ப் பக்கத்துச் செம்மண் புதர்க்காட்டில் திரிந்த மானும் ஒரே வகையா, இல்லை தனித்தனி உள்ளினங்களா என்பதுதான் என் கேள்வி. புல் மேய்கிற மானுக்கு மூஞ்சி எலும்பு அகலமாக இருக்கும். முள்ளுக்குள் வாயை நுழைத்து இலை கடிக்கிற மானுக்குக் குறுகலாக இருக்கலாம். அளந்து பார்த்தால்தானே தெரியும்?

மலை மான்களின் மண்டையோடுகள் ஓரளவு கிடைத்தன. கடலூர் மான்தான் அகப்படவில்லை. அந்தப் புதர்க்காடு முந்திரித் தோப்பாகி, மனையாகி வெகுநாளாயிற்று. கடைசியில், கடலூரிலேயே ஒரு கல்லூரி அலமாரியில் பழைய மண்டையோடுகள் இருப்பதாகத் தெரிந்தது. முன்பிருந்த பேராசிரியர் ஒருவர் மலையிலும் இந்தப் பக்கத்திலும் சேகரித்தவை. எந்த இடம், ஆணா பெண்ணா என்று எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் நூலில் கட்டியிருக்குமாம்.

அனுமதிக்காக அலைந்தேன். ஒருமுறை சாவி வைத்திருந்தவர் லீவு. ஒருமுறை பரீட்சை. இன்னொருமுறை முதல்வரே மாறிவிட்டார். ஒவ்வொரு தடவையும் எலும்பு அளக்கும் காலிப்பரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதும், அதை வெளியே எடுக்காமலே சிதம்பரம் திரும்புவதுமாக ஒரு வருடம் ஓடியது.

ஒருவழியாக அலமாரி திறந்தது. துறைத் தலைவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்கன்னு எல்லாத்தையும் எறக்கி, மருந்து தண்ணில ஊறப் போட்டு, கழுவி, பாலிஷ் அடிச்சு வெச்சிருக்கோம்மா. எப்புடி இருக்கு பாருங்க!"

பளபளவென்று இருந்தன. சீட்டுகளும் புதிது, கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியவை. 'கடலூர், பெண்' என்று இருந்ததை ஆசையோடு கையில் எடுத்தேன். நெற்றிக்கு மேலே இரண்டு எலும்புக் குமிழ்கள். கொம்பு முளைக்கும் இடம். பெண் புள்ளிமானுக்குக் கொம்பே கிடையாது.

"சார், ஊறப் போடறப்போ பழைய சீட்ட என்ன பண்ணீங்க?"

"அவுத்து எடுத்து வெச்சுட்டு, அப்பறம் பார்த்து ஒட்டினோம்."

"எதுக்கு எதுன்னு எப்புடித் தெரிஞ்சுது?"

"வரிசையாதான் வெச்சிருந்தாங்க. ஒண்ணு ரெண்டு மாறியிருக்கும். எல்லாமே மான்தானேம்மா?"

எந்தக் காட்டு மான் என்று தெரியாத மண்டையோடு எனக்கு வெறும் எலும்பு. மூஞ்சி குறுகலாக இருப்பவற்றைக் கடலூர் என்று நானே பிரித்துக்கொள்ளலாம்தான். எதை நிரூபிக்க வேண்டுமோ, அதையே வைத்துச் சீட்டு ஒட்டுவது அது. இருந்தும் மாலைவரை உட்கார்ந்து அத்தனையையும் அளந்தேன். ஏன் அளந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் கத்தக்கூட முடியவில்லை.

சிதம்பரம் வந்து என் வழிகாட்டியான மேடத்திடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அளவுகளைப் புரட்டினார்.

"பெண்ணுன்னு சீட்டு ஒட்டி, குமிழ் இருக்கறத மட்டும் நீக்கிடு. மிச்சத்துக்குச் சீட்டுல இருக்கற இடத்தையே போடு. யாரும்மா போய்ப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே மேடம்."

"அப்போ புது உள்ளினம் கெடையாது. சாதாரண தீசிஸ்தான். அப்பறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அவர் முன்னால் அழவில்லை. கடலூர் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, தலைப்பை மாற்றி, மலை மான்களை மட்டும் வைத்து எழுதி முடித்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "சமவெளி மானையும் சேர்த்து ஒப்பிட்டிருக்கலாமே, ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பட்டம் வந்துவிட்டது. கடலூர் மான் தனி உள்ளினமா என்று யாராவது கேட்டால், தெரியாது என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சலோடுதான் சொல்கிறேன்.