கட்டிங் மாஸ்டரின் இடது கால்

இருபத்திரண்டு வருஷம் வெட்டு மேஜை முன்னால் நின்ற கால். உட்கார்ந்துகொண்டு துணி வெட்ட முடியுமா என்ன? மாஸ்டரின் இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு, சாயங்காலமானால் வலியில் உயிர் போனது. "மாஸ்டர் கால்லயே எம்பிராய்டரி போட்டிருக்காரு" என்று தையல்காரர்களின் கிண்டல் வேறு. அவருக்கோ ஒரே பயம். மேஜை போனால் பிழைப்பே போச்சு.

உருகியவன் மச்சினன்தான். மனைவியின் தம்பி, பக்கத்து மேஜையில் இரண்டாவது கட்டர்.

"லேசர் பண்ணிக்கோங்க மாமா. ஒரு மாசம் கட்டிலை விட்டு எறங்கக் கூடாதாம். மேஜையை நான் பார்த்துக்கறேன்."

பாவி மனுஷன் கண் கலங்கிவிட்டார். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் சொல்லமாட்டான் என்று மனைவியிடம் மாய்ந்து மாய்ந்து சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

டாக்டரம்மா சிரித்தே விட்டார்.

"ஒரு மாசமா? அது பழைய ஆபரேஷன் காலத்துக் கதைங்க. லேசர், ரேடியோ அலை ரெண்டும் சூட்டால ரத்தக் குழாயை மூடுறது. காலெல்லாம் மரத்துப்போக ஊசி, அப்புறம் கொஞ்ச நாள் இறுக்கமான காலுறை. பசை வச்சு ஒட்டினா ஊசி கம்மி, காலுறை பெரும்பாலும் வேணாம். ஆனா செலவு ஜாஸ்தி, சிலருக்கு அரிக்கும். நுரை ஊசி சின்னக் குழாய்க்கு, திரும்பப் போட வேண்டி வரலாம். எதுனாலும் அன்னிக்கே நடக்கணும்."

மாஸ்டர் பசையைத் தேர்ந்தெடுத்தார். நான்காம் நாளே, "இன்னும் ரெண்டு வாரம் படுங்களேன்" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தும் கேளாமல், வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் உள்ளே நுழைந்ததும் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. அவருடைய மேஜையில், அவருடைய கத்தரியோடு மச்சினன். முதலாளியின் கண் மாஸ்டரின் காலை விட்டு நகரவில்லை.

"முட்டிக்குக் கீழே காலை எடுத்துட்டாங்கன்னு இவன் சொன்னானேப்பா! நேத்துதான் இவனை மாஸ்டராப் போட்டு, எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சேன்."

மச்சினன் துணியிலிருந்து தலை நிமிரவில்லை.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேடா!" மாஸ்டர் கத்திவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். "இவன்தான் புளுகினான். நீங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

முதலாளி தயங்கினார்.

"கேட்டேனே மாஸ்டர். உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்க. 'ஆமாங்க, காலை எடுத்தாச்சு, மேஜையை என் தம்பிக்கே குடுத்துடுங்க'ன்னு அழுதாங்களே."