கருகிய கியர் ஆயில்

சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில் அன்று அளவுக் கம்பியில் கருப்பாக ஒட்டியிருந்தது; தீய்ந்த நாற்றம் அடித்தது. இது நடந்தது எண்பதுகளில், தாம்பரத்தில் நான் மெக்கானிக்காக இருந்த ஷெட்டில். கார் ஒரு டாக்டருடையது. கிளட்ச் மிதி இல்லாத வெளிநாட்டு ஆட்டோமேட்டிக். அதைச் சோழவரம் கார் பந்தயங்களில் ஓட்டுவார். போன பந்தயத்துக்கு முன்புதான் அதன் ரேடியேட்டர் ஓட்டையை எதிர்க்கடை அக்கா பற்றவைத்து அடைத்துக் கொடுத்திருந்தார். “பொம்பளை பத்தவெச்சா இப்படித்தான்” என்றார் டாக்டர். ஷெட்டே சிரித்தது. அந்தப் பேச்சு பரவினால் அக்காவிடம் ஒரு வண்டியும் வராது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் காதில் விழுந்து மறுவாரம், டாக்டர் ஷெட்டில் இருக்கும்போதே அக்கா வந்தார். யாரையும் கேட்காமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது கையில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ். “கியர் ஆயிலு ரேடியேட்டருக்குள்ள போயி ஆறிகினு வரணும் சார். போற பைப்பையும் வர்ற பைப்பையும் இத வெச்சு ஒண்ணா சேத்து வுட்டுகீறான். அப்பறம் எங்க ஆறும்?”

“எதுக்கு வம்பு? இந்த ஆட்டோமேட்டிக்கைக் கழட்டிட்டு சாதா கியர்பாக்ஸே போட்டுடறேன்” என்றார் டாக்டர்.

“கியர்பாக்ஸ் இன்னா தப்பு பண்ணிச்சு? ரேஸுக்கு ரேடியேட்டர் மட்டும் பத்தாது, தனி கூலர் கட்டித் தர்றேன். மறுபடி கருகிச்சுன்னா கடைய மூடிடறேன். கருகலன்னா, நீங்க சொன்ன வார்த்தைய இதே எடத்துல நின்னு வாபஸ் வாங்கணும்.”

செம்புக் குழாயை வளைத்து, தகடுகள் பற்றவைத்து, முன்பக்கம் காற்று படும் இடத்தில் அவரே பொருத்தினார். நல்லவேளையாக கியர்பாக்ஸுக்குள் இருந்த தட்டுகள் கருகாமல் தப்பியிருந்தன. புது ஆயில் ஊற்றினோம். அடுத்த பந்தயம் ஓடிவிட்டு வந்த காரில் எல்லோர் முன்னும் கம்பியை உருவினேன். பளிச்சென்ற சிவப்பு. டாக்டர் பர்ஸை எடுத்தார்.

“கூலி அப்பறம் சார். வார்த்தை மொதல்ல.”

வாபஸ் என்று முனகலாகச் சொன்னார் டாக்டர். “கேக்கல” என்றார் அக்கா. இந்த முறை டாக்டர் ஷெட்டுக்கே கேட்கும்படி சொன்னார்.

அந்தக் கடுப்பில், “ஹோஸைப் போட்டது எவன்?” என்று திரும்பினார் டாக்டர். அக்கா என் பக்கம் பார்க்கவேயில்லை. ரேடியேட்டரைத் திரும்ப மாட்டியது யார் என்று அக்காவுக்குத் தெரியும். தண்ணீர் இருக்கும் இடத்தில் ஆயிலுக்கு என்ன வேலை என்று அதிமேதாவித்தனமாக அந்த ஹோஸைப் போட்டவன் நான். “நான்தான்” என்றேன். அன்றே வேலை போயிற்று.

இப்போது மேடவாக்கத்தில் எனக்கே ஷெட் இருக்கிறது. வண்டி சூடாகிறது என்று வருகிறவர்கள் யாரையாவது திட்டிக்கொண்டுதான் வருவார்கள். எவ்வளவு பெரிய மனிதரானாலும், அடியில் படுத்துப் பார்க்கும்வரை என் ஷெட்டில் யார் பெயரையும் இழுக்க விடமாட்டேன். வேலை போனதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அன்று ஷெட்டே அக்காவைப் பார்த்துச் சிரித்தபோது சும்மா நின்றேனே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.