கோஷத்தைக் கேட்டு விசில் ஊதியவன்

புனேயில் உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருப்பவனுக்குப் பெயர் கிடையாது. ஆடுகிறவர்களுக்கு முதுகில் பெயர் எழுதியிருக்கும். பயிற்சியாளரைப் பையன்கள் ‘சர்’ என்பார்கள். தேநீர் கொண்டுவருகிறவரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் வெறும் ரெஃப்ரீ. வாரநாட்களில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஔந்த் பகுதியில் ஒரு அடுக்ககத்தில் குடியேறி, மகளும் இங்கேயே பிறந்து கல்லூரிக்குப் போகும் அளவுக்கு வருடங்கள் ஓடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த இலக்கணம் கால்பந்துக் கோஷத்தின் இலக்கணம் ஒன்றுதான். பள்ளியில் தமிழய்யாவிடம் வாங்கிய குட்டெல்லாம் வீண். கோஷத்துக்கு வினைச்சொல் வேண்டியதில்லை. ஆட்டக்காரனின் பெயர், கைதட்டு, மறுபடி பெயர், அவ்வளவுதான். பெயர் நீளமென்றால் வெட்டுவார்கள், குட்டையென்றால் இழுப்பார்கள். ‘நான்’ என்ற சொல் வரவே வராது. இறந்தகாலமும் கிடையாது, போன வாரம் தோற்றது எதிராளியாக இருந்தால் தவிர.

இந்த ஊரில் அதற்கு விநாயகர் ஊர்வலத்தின் தாளம் உண்டு. ஒருவன் பாதியைச் சொல்ல வேண்டும், கூட்டம் மீதியைச் சொல்லும், டோல் மேளம் இடையில் விழும். ஆகுர்டிப் பக்கத்துத் தொழிற்சாலை அணிகள் வந்தால் வேறு மாதிரி. அவர்களுக்கு வேலைநிறுத்தத்தில் கேட் முன்னால் நின்று பழகிய குரல். ‘நஹீ சலேகி, நஹீ சலேகி’, இதெல்லாம் செல்லாது, செல்லாது. முதலாளிக்குச் சொன்னதை அப்படியே எனக்குச் சொல்வார்கள். கல்லூரிப் பிள்ளைகள் டிவியில் வெளிநாட்டு ஆட்டங்களில் கேட்ட மெட்டைப் பிடித்து அதில் மராத்தியைத் திணிப்பார்கள்.

ஆனால் நடுவருக்கு என்று வந்துவிட்டால் எல்லாரும் ஒரே கட்சி. ‘ரெஃப்ரீ ஆந்தளா’, நடுவர் குருடன். அதற்குப் பிறகு ‘சஷ்மா லாவ்’, கண்ணாடி போடு. போடுங்கள் இல்லை, போடு. பொது இடத்தில் முன்பின் தெரியாத வயதானவரிடம் இப்படிப் பேசினால் யாராவது கண்டிப்பார்கள். கோஷத்தில் பேசினால் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சேர்ந்து பேசுவார்கள்.

அதையெல்லாம் நான் மனத்தில் ஏற்றிக்கொண்டதில்லை. கல்யாண வீட்டில் வாசலில் நிற்பவர் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பதைப் போலத்தான் அது. கேட்பவருக்குப் பதில் தேவையில்லை. என்றாலும் வீட்டில் இதைச் சொன்னதில்லை. மனைவி கேட்டால், “அங்கெல்லாம் நல்ல மரியாதை” என்பேன். மகள் எதிரில் அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

போன மழைக்காலத்தில் என் இடது கண் மங்க ஆரம்பித்தது. எண்ணெய்க் கையால் தொட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி இருந்தது. மனைவிதான் முதலில் கவனித்தாள். “பேப்பரை எதுக்குங்க ஒரு பக்கமாச் சாய்ச்சுப் புடிக்கறீங்க? டாக்டர்கிட்டப் போலாமுங்க” என்றாள். “போலாம், போலாம்” என்றேன். போகவில்லை. போனால் புரை என்பார்கள் என்று எனக்கே தெரியும். விஷயம் லீக் செயலாளர் காதுக்குப் போனால் கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்பார். கொஞ்ச நாள் என்றால் இனி வர வேண்டாம் என்று பொருள். விசிலைக் கழற்றிவிட்டால் நான் யாருக்கும் குறுக்கே நிற்காத ஒரு கணக்குக்காரன். அந்தப் பயம் கண்ணைவிடப் பெரிதாக இருந்தது.

அதனால் கண் விட்ட இடத்தில் காதை வைத்தேன். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் அது வேலை செய்தது. பந்து உண்மையாகவே கோல் கோட்டைத் தாண்டினால் கூட்டத்திடமிருந்து முதலில் சொல் வராது. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும், மொழி இல்லாத சத்தம். அதற்குப் பிறகுதான் பெயரும் கைதட்டும் டோலும். பந்து தாண்டாமல் சும்மா கேட்டுப் பார்க்கிறார்கள் என்றால் எடுத்த எடுப்பிலேயே சொல் வரும், ‘கோல், கோல்’ என்று. பொய்க்குச் சொல் தயாராக இருக்கும். கோட்டோரம் கொடி பிடிப்பவர்கள் இரண்டு அணிகளின் மாற்று ஆட்டக்காரர்கள், அவரவர் அணிக்குச் சாதகமானதுதான் அவர்கள் கண்ணில் படும். அவர்களைக் கேட்பதற்கு என் காதே மேல் என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தேன்.

அரையிறுதி ஆகுர்டியில் நடந்தது. ஒரு பக்கம் தொழிற்சாலை அணி, மறுபக்கம் என் மகள் படிக்கும் கல்லூரி. கல்லூரி விஷயத்தைச் செயலாளரிடம் முன்னமே சொன்னேன். “பொண்ணு ஆடுதா?” என்று ஹிந்தியில் கேட்டார். இல்லை என்றேன். “அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டார். மகளையும் நானே ஸ்கூட்டரில் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். வாசலுக்குச் சற்று முன்னாலேயே இறங்கி, அவள் போய்த் தோழிகளோடு கலந்துவிட்டாள். நான் நடுவரென்று அவர்களிடம் சொல்லியிருப்பாளா என்ற கேள்வி எழுந்தது. சொல்லியிருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. இரண்டாம் பாதியில் கல்லூரிக்கு ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்து ஒரு பையனின் தலையில் பட்டு, மேல் கம்பியில் மோதிக் கீழே குத்தியது. கோல்கீப்பர் விழுந்து அதை வெளியே தள்ளினான். எல்லாம் என் இடது பக்கம். மாலை வெயில் வேறு. நான் பார்த்தது கலங்கிய வெளிச்சமும் சில கால்களும்தான். பழக்கப்படி கூட்டத்தின் பக்கம் திரும்பிக் காது கொடுத்தேன்.

கல்லூரிக் கூட்டமோ கார்னருக்கு முன்பிருந்தே பாடிக்கொண்டிருந்தது. இரண்டு டோல்கள், தாஷா என்ற சின்ன மேளம் ஒன்று. ஒருவன் பாதி சொல்ல மற்றவர்கள் மீதி சொல்லி, அறுந்து போகாத பாட்டு. அந்தப் பாட்டுக்கு நடுவில்தான் பந்து குத்தியது. நான் எதிர்பார்த்த அந்த மொழியில்லாத சத்தம் வந்திருந்தாலும் டோலுக்குள் மூழ்கியிருக்கும். எனக்குக் கேட்டதெல்லாம் சொற்கள். சொல் முதலில் வந்தால் பொய் என்பது நான் வகுத்த விதி. கையை ஆட்டி, கோல் இல்லை, ஆடுங்கள் என்றேன்.

கல்லூரிப் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “சர், பந்து இவ்வளவு உள்ளே இருந்தது” என்று ஒருவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிக்கிறவன் அழுவதில்லை. தொழிற்சாலை அணியின் கோல்கீப்பரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மாற்றவில்லை. ஒருமுறை மாற்றினால் ஏன் முதலில் தெரியவில்லை என்று யாராவது கேட்பார்கள்.

பிறகு அது ஆரம்பித்தது. ரெஃப்ரீ ஆந்தளா. டோல். ரெஃப்ரீ ஆந்தளா. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் விழுந்த தூசி போலத் தட்டிவிட்ட வார்த்தை அது. அன்று மைதானத்தில் அந்தக் கோஷத்துக்கு நேரான பொருள் இருந்தது. அது கூட்டத்துக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். முகம் எரிந்தது. ஓடினால் அந்தத் தாளத்துக்கே கால் விழுந்தது, அது இன்னும் அவமானமாக இருந்தது. நல்ல கண்ணால் கூட்டத்தைப் பார்த்தேன். மகள் முன் வரிசையில் நின்றிருந்தாள். தோழிகள் கத்தும்போது அவள் வாயும் அசைந்தது.

கடைசி நிமிடங்களில் தொழிற்சாலை அணி ஒரு கோல் போட்டு ஜெயித்தது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை, வலை ஆடியது. ஜெயித்தவர்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு கூட்டம் கலையும்வரை அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் என் ஸ்கூட்டர் பக்கத்தில் மகள் தனியாக நின்றிருந்தாள். தோழிகள் போய்விட்டார்கள்.

“நானும் கத்தினேன், பா” என்றாள். அவள் தமிழ் எப்போதும் யோசித்து யோசித்துத்தான் வரும். “நீங்க என் அப்பான்னு அவங்களுக்குத் தெரியாது. நான் சும்மா நின்னா தெரிஞ்சிடும்.”

“பரவால்ல” என்றேன். அது பொய். அவளுக்கு நான் மறைக்க வேண்டிய ஆளாகிவிட்டேன் என்பது நெஞ்சில் குத்தியது. ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“பா, நீங்க கோலைப் பாக்கலை. பந்து விழும்போது எங்க பக்கம் பாத்தீங்க. கா?” ஏன் என்பது அவள் வாயில் எப்போதும் மராத்தியில்தான் வரும்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். வெயில் என்றிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை. இடது கண் சரியாகத் தெரிவதில்லை என்றேன். சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேன் என்றும் சொன்னேன். சொன்ன பிறகு அது எவ்வளவு அசிங்கமாகக் கேட்டது என்று எனக்கே புரிந்தது.

“எப்பலேர்ந்து?”

“போன மழைக்காலத்துலேர்ந்து.”

கோபப்படுவாள், கல்லூரி தோற்றதைச் சொல்லிக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டினாள். “சாவி குடுங்க. நான் ஓட்டறேன்.”

கொடுத்தேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். கிளப்பவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

“ரோஜ்… தினமும் காலைல ஹைவேல காலேஜுக்கு என்னைப் பின்னாடி வெச்சுட்டுதானே போறீங்க, பா. அதுவும் சத்தம் கேட்டுதான் ஓட்டினீங்களா?”

அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.